கண் பெற்ற புல்வெட்டி

பிடித்து நடத்துவார் எவருமின்றி, புல் வெட்டும் எந்திரம் ஒன்று தானாகவே தோட்டத்தில் ஊர்ந்து செல்வதை ஐரோப்பிய நாடுகளின் வீட்டு முற்றங்களில் இன்று காணலாம். 1995-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஹஸ்க்வர்னா நிறுவனம் சூரிய ஒளியால் இயங்கும் புல்வெட்டி ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதன்பின் வந்தவற்றுள் பெரும்பாலானவை பாட்டரியால் ஓடுகின்றன. மின்சாரம் குறைந்ததும் தமது நிலையத்திற்குத் தாமே திரும்பி அதனை நிரப்பிக்கொள்கின்றன.

இத்தகைய எந்திரத்தை வேறொரு பணிக்குத் திருப்ப இயலாதா? வெட்டவெளியில் வேலை செய்யும் ரோபோவுக்கு இதனையே காலாக அமைக்கலாகாதா? இவ்வினா அறிஞர் சிலரது உள்ளத்தில் எழுந்ததில் வியப்பில்லை. மழை ஈரத்தையும் மேடுபள்ளத்தையும் தாங்கும் உடல் அதற்கு ஏற்கெனவே உண்டு. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் வண்டி நேராகச் செல்லும். வேகம் மாறுபட்டால் வளையும். ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகச் சுழன்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். வேறு திசைமாற்றி எதுவும் தேவையில்லை. பெட்ரோல் புல்வெட்டியிலோ இவ்வளவு எளிதன்று. பட்டையும் கிளட்சும் கடந்தே விசை சக்கரத்தை அடைகிறது.

ஆயினும் இந்த எந்திரத்திடம் ஒரு பெருங்குறை இருந்தது. அதற்குக் கண் இருக்கவில்லை! தோட்டத்தின் ஓரமாகப் புதைத்த கம்பியில் ஓடும் மெல்லிய மின்னோட்டமே அதற்கு எல்லையாக இருந்தது. கம்பியை உணர்ந்தால் திரும்பியது. எதிலேனும் மோதினாலும் திரும்பியது. மோதிய பின்னரே அறிந்தது என்பதுதான் இங்குக் கவலைக்குரியதாக இருந்தது. 2021-இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்குக் குறிப்பிட விழைகிறோம். அவர்கள் 18 வகைப் புல்வெட்டிகளை, முன்னரே இறந்துபோன முள்ளெலிகளின் உடல்களைக் கொண்டு சோதித்தனர். தொடாமலே முள்ளெலியை உணர்ந்து விலகிய எந்திரம் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. சில எந்திரங்கள் தீங்கின்றி விலகின. வேறு சிலவோ கொடிய காயம் விளைவித்தன. குருட்டு வலிமை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இக்குறையைப் போக்கும் முயற்சி ஒன்று 2016 முதல் 2019 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியுடன் நடைபெற்றது. ‘டிரிம்பாட் 2020’ என்பது அத்திட்டத்தின் பெயர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் தலைமை ஏற்க, நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்களும் பாஷ் நிறுவனமும் ஒத்துழைத்தன. பாஷ் நிறுவனத்தின் ‘இண்டேகோ’ என்னும் தானியங்கிப் புல்வெட்டியை அவர்கள் எடுத்துக்கொண்டு, அதன் உடலை ரோபோவுக்கு அடித்தளமாக்கினர். அதன்மேல் எந்திரக் கரம் ஒன்றைப் பொருத்தினர். சுற்றிலும் இவ்விரண்டாக ஐந்து இணை காமிராக்களை அமைத்தனர். நம் இரு கண்களும் சேர்ந்து தொலைவை உணர்வதுபோல, ஒவ்வோர் இணையும் தொலைவைக் கணித்தது.

அதற்கு அளித்த பணி என்ன? பாக்ஸ்வுட் என்னும் குறும்புதரை உருண்டை வடிவில் கத்தரிப்பதும், ரோஜாச் செடியின் தண்டுகளை உரிய இடத்தில் நறுக்குவதுமே. புதரின் இப்போதைய உருவத்தை அளந்து, இருக்கவேண்டிய உருவத்தோடு ஒப்பிட்டு, மிகுந்திருப்பதை மட்டும் அகற்ற வேண்டும். தோட்டக்காரர் ஒரு நொடியில் கண்டுகொள்வது எந்திரத்திற்குப் பெரும்பாடாயிற்று. வெயில் ஏறினால் நிழல் மாறுகிறது. காற்று வீசினால் கிளை அசைகிறது. ஈரப்புல்லில் சக்கரம் வழுக்கினால், சுழற்சியை எண்ணிக் கணக்கிட்ட தூரம் பொய்யாகிறது. அனுபவமிக்க தோட்டக்காரரின் கையையும் கண்ணையும் நாம் இன்னும் மதிக்கக் கற்க வேண்டும் என்பதே இதனால் பெறும் முதற்பாடம்.

பழைய எந்திரங்களைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வமுள்ள பிள்ளைகள் நம் வாசகர் இல்லங்களிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கும் பெற்றோர்க்கும் சில சொற்கள். மின்சாரத்தால் ஓடும் தோட்ட வண்டியை ரோபோவாக்க முனைவோர், முதலில் பாட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதன்பின் கத்தியைக் கழற்றி அப்பால் வைக்க வேண்டும். அடுத்து, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை ஒரே அழுத்தில் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை எவரும் எட்டும் இடத்தில் பொருத்துக. பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருத்தல் வேண்டும். கட்டளை தரும் ரேடியோத் தொடர்பு அறுந்தால் வண்டி தானே நிற்குமாறு அமைத்திடுக. முதற்சோதனையில், சக்கரங்கள் தரையில் படாதவாறு வண்டியைக் கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்துக. மேலே கரம் பொருத்துவதாயின், அது நீளும்போது வண்டி கவிழாதிருக்க பாட்டரி போன்ற பாரங்களைத் தாழ்வாக வைத்திடுக. இவையெல்லாம் முடிந்த பின்னரே ஓட்டத்தைப் பற்றி எண்ணலாம்.

ஓடச் செய்வது எளிது. உரிய நேரத்தில் நிற்கச் செய்வதே அரிது. சிறு பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இயங்கப்போகும் எந்திரம், எத்துணை வேகமாகச் செல்லும் என்று கேட்பதற்குமுன், எதிரே ஓர் உயிர் வந்தால் நிற்குமா என்று கேட்போம். அக்கேள்விக்கு ‘ஆம்’ என்னும் விடை கிடைத்த பின்னரே அதனை முற்றத்தில் இறக்குவோம்.