ஐந்தைச் சொல்ல உயிரெழுத்தே தேவையில்லை, தெரியுமா?

'அவதார்' படத்தில் அந்த நீல மனிதர்கள் பேசுவது வாய்க்கு வந்த உளறல் என்று நினைத்திருந்தீர்களா? இல்லவே இல்லை! நாவி மொழிக்கு வேற்றுமை உருபு உண்டு, காலம் காட்டும் இடைநிலை உண்டு, 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் தனித்தனிச் சொல்கூட உண்டு. 'நீ' என்பதற்கு அவர்கள் சொல்வது 'ஙா'. நம் அகராதியில் ங-வில் தொடங்கும் சொல்லைத் தேடிக் களைத்தவர்கள் அவர்கள் வாழும் பண்டோராவுக்குக் குடிபெயரலாம். மரியாதையாகச் சொல்ல வேண்டுமா? 'ஙெஙா'!

இந்த மொழியைச் செய்தவர் பால் ஃப்ரோம்மர். மொழியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பாடம் நடத்தியதோ தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரியில். 2005இல் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் அவர் கையில் கொடுத்தது சுமார் முப்பது சொற்கள்தான், அதிலும் பாதிக்கு மேல் பெயர்கள். ஃப்ரோம்மர் மூன்று விதமான ஒலிச் சாயல்களைத் தயாரித்துக்கொண்டு போனார். ஒன்றில் சீன மொழி மாதிரி சுரம் ஏறி இறங்கும். இன்னொன்றில் குறில் நெடில் பேதம். (அது ஜெயித்திருந்தால் நமக்கு அதில் ஒரு வியப்பும் இருந்திருக்காது!) மூன்றாவதில் தெறிப்பு ஒலிகள். கேமரூன் தேர்ந்தெடுத்தது மூன்றாவதை.

அதென்ன தெறிப்பு ஒலி? நுரையீரலிலிருந்து மூச்சு வராமல் தொண்டையைப் பூட்டிவிட வேண்டும். வாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை மட்டும் வைத்து 'க்', 'த்', 'ப்' என்று விட வேண்டும். சோடா பாட்டில் திறக்கிற மாதிரி வெடிக்கும்! ஏதோ வேற்றுக்கிரகச் சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கிலும் ஜார்ஜிய மொழியிலும் தினமும் கோடிக்கணக்கானவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று. தம்பி, தந்தை, தங்கை என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் மெல்லினத்துக்குப் பின்னால் மெலிந்து வருகிற மூன்று ஒலிகளும் காட்டு நாவிகளுக்குக் கிடையாது. ஆனால் 2022இல் வந்த இரண்டாம் படத்தில் கடலோரத்து நாவிகள் வந்தார்களே, அவர்கள் வாயில் அந்தத் தெறிப்பு ஒலிகள் அசையின் தொடக்கத்தில் தேய்ந்து சரியாக இந்த மூன்று ஒலிகளாகிவிடுகின்றன. கற்பனை உலகத்துக்கும் வட்டார வழக்கு!

இப்போது வினைச்சொல்லுக்கு வாருங்கள். 'தரோன்' என்றால் வேட்டையாடு. காலத்தை நாம் பகுதிக்குப் பின்னால் ஒட்டுவோம். அவர்கள் சொல்லையே பிளந்து உள்ளே செருகுகிறார்கள்! 'தமரோன்': வேட்டையாடினான். 'திமரோன்': இப்போதுதான் வேட்டையாடினான். 'தயரோன்': வேட்டையாடுவான். இறந்த காலத்திலேயே அண்மை, சேய்மை என்று இரண்டு. சரி, இதைக்கூட விடுங்கள். அதே வினைக்குள் இன்னோர் இடத்தில் மனநிலையையும் செருகலாம்! 'ஏய்' என்று செருகினால் சொல்பவருக்கு அதில் மகிழ்ச்சி, 'ஏங்' என்று செருகினால் வருத்தம். 'காமே' என்றால் பார். 'காமெயே' என்றால் பார்ப்பதில் மனம் குளிர்ந்தது என்று பொருள். குரலை மாற்ற வேண்டாம், முகத்தைச் சுளிக்க வேண்டாம். எல்லாம் இலக்கணத்திலேயே அடங்கிவிட்டது. இந்த ஒரு விதிக்காகவே ஃப்ரோம்மருக்கு மாலை போடலாம்.

'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்று ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு விளக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நாவிக்காரரிடம் அந்தச் சிரமமே இல்லை. கேட்பவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்ற பேதம் அங்கேயும் உண்டு. நாம் இருவர், நாங்கள் இருவர், நாம் மூவர், நாங்கள் மூவர், அதற்கு மேல் எத்தனை பேரானாலும் நாம், நாங்கள். ஆக மொத்தம் ஆறு! நாமே பின்தங்கிப் போனோம்.

கணக்கு? நாவிக்குக் கைக்கு நான்கு விரல்தான். ஆகவே எட்டு எட்டாக எண்ணுகிறார்கள். எட்டு 'வோல்', எட்டெட்டு அறுபத்து நான்கு 'ஸாம்'. நம் இருபது அவர்களுக்கு இரண்டு எட்டும் நான்கும், 'மெவோசிங்'. ஐந்துக்கு மட்டும் 'ம்ர்ர்'. எழுத்துப் பிழை இல்லை, உயிரெழுத்தே இல்லாத முழுச் சொல் அது!

'ஸ்டார் ட்ரெக்'கின் கிளிங்கன்களை விட்டுவிட முடியுமா? 1984 படத்துக்காக அந்த மொழிக்கு இலக்கணம் வகுத்தவர் மார்க் ஒக்ராண்ட். செயப்படுபொருள், வினை, எழுவாய் என்று வேண்டுமென்றே தலைகீழாகப் போட்டார். 'புலி கொன்றது யானை' என்று கிளிங்கன் சொன்னால் செத்தது புலி! பூமியில் இந்த வரிசை மிக அபூர்வம். அமேசான் காட்டின் ஹிஷ்கர்யானா மொழியில் உண்டு. பன்மை விகுதியோ மூன்று. பேசத் தெரிந்த உயிர்களுக்கு ஒன்று, உடலுறுப்புகளுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. உயர்திணை, அஃறிணை, நடுவில் உறுப்புத்திணை! 'வணக்கம்' என்பதற்குச் சொல் கிடையாது. 'நுக்நெஹ்' என்பார்கள். 'உனக்கு என்ன வேண்டும்?' என்று அர்த்தம்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டோத்ராக்கிகளுக்கு 'நன்றி'யும் கிடையாது. நலம் விசாரிப்பதே 'குதிரை நன்றாக ஓட்டுகிறாயா?' என்றுதான். அந்த மொழியைச் செய்தவர் டேவிட் பீட்டர்சன்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் எழுத்தாளர் டோல்கீன். ஃபின்னிஷ் மொழியின் ஓசையில் மயங்கி குவென்யா என்ற எல்ஃப் மொழியை முதலில் செய்தார். அதைப் பேச ஆட்களும் உலகமும் கதையும் பிறகுதான் வந்தன! அவர் வகுத்த தெங்வார் எழுத்தில் ஒற்றை வளைவு போட்டால் 'தந்தை'யின் முதல் ஒலி. வளைவை இரட்டித்தால் நடுவில் வரும் மெலிந்த ஒலி. எழுத்தின் வடிவமே உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்கும்.

நம் ஊர்ச் சரக்கும் உண்டு. 2015இல் 'பாகுபலி'யின் காலகேயர்கள் நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிப் பேசினார்களே, அந்தக் கிளிக்கி பாடலாசிரியர் மதன் கார்க்கி செய்தது. படத்துக்காக 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். 'மின்' என்றால் நான், அதைத் திருப்பிப் போட்ட 'நிம்' என்றால் நீ! கேட்க அத்தனை கொடூரம், கற்க இத்தனை எளிது.

ஆனாலும் என் ஓட்டு நாவிக்குத்தான். பழக நினைப்பவர்கள் ஐந்தில் தொடங்குங்கள்: ம்ர்ர். பிறகு மூன்று: 'ப்'பைத் தெறிக்கவிட்டு, 'ப்பெய்'. பக்கத்தில் குழந்தை தூங்கினால் மட்டும் வேண்டாம்.