மழைத் திரைக்குப் பின்னால்

கல்யாண வீட்டில் படம் பிடிக்க வருகிறவர், வாசலில் நாலு தூற்றல் விழுந்ததும் முதலில் காமிராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் மோட்டார்ப் பந்தயங்களைப் படம் பிடிக்கிறவர்கள் ஒரு தனி ரகம். வானம் கறுத்து, பந்தயம் பார்க்க வந்தவர்கள் குடையைத் தேடும் சமயத்தில் இவர்களுடைய முகம் மலர்கிறது. இது என்ன விபரீத ஆசை என்றுதான் நாமும் முதலில் எண்ணினோம். அவர்கள் எடுத்த படங்களில் சிலவற்றை நிதானமாகப் பார்த்த பிறகே காரணம் விளங்கிற்று.

மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 50 மீட்டர் கடக்கிறது. காமிராவின் ஷட்டரை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடினால், அதற்குள் வண்டி நகர்ந்திருப்பது ஐந்து சென்டிமீட்டர்தான். படம் தெளிவாக விழும். ஆனால் சக்கரங்கள் அசையாமல், வண்டி எஜமானர் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தது போல் இருக்கும்! ஆகையால் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு விநாடி திறந்துவைத்து, வண்டியோடு கூடவே காமிராவையும் திருப்புகிறார்கள். வண்டி துலக்கமாகவும், பின்னாலுள்ள மரமும் ஜனங்களும் கோடு கோடாகவும் பதிகின்றன. கை பழகுவதற்கு வருஷக்கணக்காகும் வித்தை இது.

மழை நாளில் வேகத்தைக் காட்டும் பொறுப்பைத் தண்ணீரே ஏற்றுக்கொள்கிறது. மழைக்கென்று ஆழமான பள்ளங்கள் வெட்டிச் செய்த டயர், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் என்பது பிரெல்லி கம்பெனியார் சொல்லியிருக்கும் கணக்கு. நம் வீட்டுக் குடத்தில் பதினைந்து லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், கண் மூடித் திறப்பதற்குள் ஐந்தாறு குடம்! அவ்வளவும் பொடிப் பொடியாகச் சிதறி வண்டிக்குப் பின்னால் வெண்புகை போல் எழும்புகிறது. எதிர்ப்புறத்திலிருந்து சிறிது வெளிச்சம் வந்து, பின்னால் கரிய மரங்களும் இருந்துவிட்டால், அந்த நீர்த்தூள் வெள்ளியாக ஜொலிக்கும்.

கஷ்டங்களுக்கும் குறைவில்லை. மேகம் மூடியதால் வெளிச்சம் போதாது; லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்தால் போகஸ் பிடிபடும் இடம் மிகக் குறுகிவிடும். தானாக போகஸ் செய்யும் இந்தக் காலத்துக் காமிரா, வண்டியை விட்டுவிட்டுத் தண்ணீர்த் திவலைகளைப் பிடித்துக்கொள்ளும். அனுபவசாலிகள் அப்போது பழைய உபாயத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்: பாதையில் ஓரிடத்தைக் குறித்து அங்கேயே போகஸ் வைத்துக்கொண்டு, வண்டி அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள். காமிராவுக்குப் பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமுமே சட்டை. லென்ஸில் துளி விழுந்தால் வேஷ்டித் தலைப்பால் துடைக்கிற வழக்கம் உதவாது; துளி பரவிப் படம் முழுவதும் மங்கிவிடும். ஈரக் குளிரிலிருந்து கணகணப்பான அறைக்குள் சென்றால் கண்ணாடி முழுதும் ஆவி படியும். (நம் ஊரில் ஏ.ஸி. அறையிலிருந்து வெளியே வந்தாலே இந்தக் கதிதான்.) பிலிம் சுருள் காலத்தில் முப்பத்தாறு படத்துக்கு ஒரு முறை கோட்டுக்குள் காமிராவை மறைத்துச் சுருள் மாற்றியவர்களை நினைத்தால், இன்றுள்ளவர்களுக்குக் குறை சொல்ல நாவெழாது.

ஆனால் நம் மனத்தை உறுத்தியது வேறொரு விஷயம். மழைப் பந்தயத்தில் துலக்கமாகப் படம் விழுவது பெரும்பாலும் முதலில் வருகிற வண்டிதான். அதற்கு முன்னால் திரை கிடையாது. இரண்டாவது வண்டி முதல் கடைசி வண்டி வரை அனைத்தும் பிறர் எழுப்பிய தண்ணீருக்குள் ஓடுகின்றன. அந்தச் சாரதிகளுக்குத் தெரிவது முன்வண்டியின் பின்புறத்துச் சிவப்பு விளக்கு ஒன்றுதான். சில சமயம் அதுவும் தெரிவதில்லை. அழகான படம் என்று நாம் மெச்சுவது அவர்களுக்குக் குருட்டு ஓட்டம்.

1968, ஆகஸ்டு 4-ந் தேதி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் நடந்த பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு மலைகளுக்கிடையே 22.8 கிலோமீட்டர் நீளம். மழையோடு மூடுபனி வேறு. ஸ்காட்லாந்துக்காரரான ஜாக்கி ஸ்டூவர்ட், முறிந்த மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார். முதல் சுற்றிலேயே முன்னால் வந்தவர், இரண்டாவதாக வந்த கிரஹாம் ஹில்லை நான்கு நிமிஷத்துக்கு மேல் பிந்தவிட்டு ஜயித்தார். திரையை விட்டு வெளியே வந்தவருக்கு எத்தனை அநுகூலம் பாருங்கள்! ஆனாலும் அந்த அநுகூலம் நிலையானதல்ல. 1998-ல் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில், முதல் சுற்றிலேயே பதின்மூன்று வண்டிகள் மழையில் மோதிக்கொண்டன. மறுபடி துவக்கிய பந்தயத்தில் முன்னணியிலிருந்த மைக்கேல் ஷூமாக்கர், ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த கூல்தார்டின் தண்ணீர்த் திரைக்குள் புகுந்து, அவர் வண்டியின் பின்புறத்தில் மோதி, மூன்று சக்கரத்தோடு திரும்பினார். அந்த மூன்று சக்கர வண்டியின் படத்தைப் பார்க்காத பந்தய ரசிகர் அரிது.

மழை சிலருக்குத் தயவும் செய்கிறது. 2012, மார்ச் 25-ந் தேதி மலேயாவின் ஸேபாங் பாதையில் நம் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன், களத்திலிருந்த மிக மந்தமான வண்டிகளில் ஒன்றைக் கடைசிப் பகுதியிலிருந்து கிளப்பினார். பெரும்பாலோர் இலேசான ஈரத்துக்குரிய டயரோடு கிளம்ப, அவருடைய வண்டிக்கு முழு மழை டயர் பூட்டியிருந்தது. வானம் பொத்துக்கொண்டு கொட்டிற்று. மற்றவர்கள் டயர் மாற்றிக்கொண்டிருக்கையில், பந்தயம் நிறுத்தப்பட்டபோது நம்மவர் பத்தாவது இடத்தில் இருந்தார்! வெயில் நாளில் பத்திரிகைப் படங்களில் தலை காட்டுவதே அபூர்வமான வண்டி அது.

இன்னொரு மழை நாள், அதற்கு முப்பத்தாறு வருஷங்களுக்கு முந்தியது. 1976, அக்டோபர் 24. ஜப்பானில், பூஜி மலையடிவாரம். உலகப் பட்டத்துக்கு நிக்கி லாடாவுக்கும் ஜேம்ஸ் ஹன்ட்டுக்கும் போட்டி. அவ்வருஷம் ஆகஸ்டு முதல் தேதி நெருப்பில் சிக்கிய லாடா, நாற்பத்திரண்டு நாட்களில் மறுபடி வண்டி ஏறியவர்; இமைகள் வெந்ததால் அவரால் கண்ணைச் சரியாக இமைக்கவும் முடியவில்லை. இரண்டு சுற்று ஓட்டினார். பிறகு வண்டியை ஒதுக்கி நிறுத்தி இறங்கிவிட்டார். படம் பிடிக்கிறவருக்கு அங்கே தண்ணீர்த் திரையும் இல்லை, வேகமும் இல்லை. தழும்பேறிய ஒரு முகம் மட்டும் வெகு துலக்கமாகக் கிடைத்தது. பின்னர் மழை விட்டுப் பாதை காய்ந்தது. ஹன்ட் மூன்றாவதாக வந்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் பெற்றார். லாடா அதற்கு முன்பே மைதானத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டார்.