துப்பாக்கிச் சத்தமும் காலடிச் சத்தமும்

1954-இல் வெளியான ‘அந்த நாள்’ ஒரு துப்பாக்கி வெடியோடு தொடங்குகிறது. வானொலிப் பொறியாளராக வரும் சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சரிகிறார். அவர் யார், எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியும் முன்பே ஆள் போய்விடுகிறார். சுட்ட கையைக் கேமரா காட்டுவதில்லை. காது கேட்டுவிட்ட ஒன்றைக் கண் தேட ஆரம்பிக்கிறது. மீதிப் படம் முழுக்க அந்தத் தேடல்தான். பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த படம் அது. ஒரே ஒரு வெடிச் சத்தத்தை நம்பிக் கதையைத் திறக்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது.

ஆனாலும் அது நான்கு சுவருக்குள் பிறந்த ஒலி. அன்றைய ஸ்டூடியோ கேமராக்கள் கனமானவை. மோட்டார் இரைச்சல் மைக்கில் விழாதிருக்க அவற்றுக்குத் தடித்த உறை வேறு. நடிகர்கள் தளத்தில் பேசப் பேச அங்கேயே பதிவாகும்; மைக் எட்டும் தூரத்தில்தான் நிற்க முடியும். தெருவும் தோட்டமும்கூடப் பெரும்பாலும் கோடம்பாக்கத்தில் பலகையாலும் சாயத்தாலும் எழுந்தவை. முதல் காட்சியில் ஊரை உணர்த்தும் பொறுப்பு வசனத்துக்கும் பாட்டுக்கும் போய்ச் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1977-இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ ரயில் நிலையத்தில் தொடங்கியது. நாயகி மயில் காத்து நிற்கிறாள். ரயில் வருகிறது, அவள் எதிர்பார்க்கும் ஆள் வரவில்லை. ஒளிப்பதிவாளர் நிவாஸின் கேமராவுக்கு முன்னால் இருப்பது நிஜ வெயில், நிஜத் தண்டவாளம். அந்தக் காத்திருப்பு சாயம் பூசிய பலகைக்கு முன்னால் நடந்திருந்தால் அவள்மீது நமக்கு இத்தனை பரிவு வந்திருக்காது.

படம் ஊருக்குப் போனது; ஒலி போகவில்லை. அக்கால வெளிப்புறப் படப்பிடிப்புகளில் பரவலாக ஓடிய ஆரிஃப்ளெக்ஸ் 2சி, கையில் தூக்கிக்கொண்டு ஓடத் தோதான கேமரா. ஆனால் தையல் மெஷின்போல இரையும். அந்த இரைச்சலில் வசனம் எடுக்க வழியில்லை. ஆகவே பேச்சு, காலடி, கதவு கிரீச்சிடுவது எல்லாம் பின்னால் டப்பிங் தியேட்டரில் சேர்ந்தன. கண்ணுக்குக் கிராமம், காதுக்குச் சென்னை. இந்த இடைவெளியை நிரப்பியவர் இளையராஜா. வயல்வெளியைப் பார்த்தாலே புல்லாங்குழல் கேட்கும்படி ஒரு தலைமுறையின் காதையே அவர் பழக்கிவிட்டார்.

இன்றைய டிஜிட்டல் கேமரா ஏறக்குறைய ஓசையே இல்லாமல் ஓடுகிறது. நடிகரின் சட்டைக்குள் சின்ன மைக்கை ஒளித்து வைக்கலாம். ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் 2021-இல் டைகர் விருது வாங்கிய பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’லில் குடிபோதையில் ஒரு தகப்பன் மகனை அழைத்துப்போகப் பள்ளிக்கு விறுவிறுவென்று நடக்கிறான். கேமரா அவனை விடாமல் தொடர்கிறது. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியின் பொட்டல் வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. இவன் கோபக்காரன் என்று யாரும் சொல்லவில்லை, நடையே சொல்லிவிடுகிறது. அடுத்த படமான ‘கொட்டுக்காளி’யில் அவர் பின்னணி இசையையே விட்டுவிட்டார்.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) தொடக்கத்தில் மறுபடி தண்டவாளம். குட்டையில் நாய்களோடு குளிக்கும் இளைஞர்கள், வேறு சிலர் வருவதைக் கண்டதும் ஏன் விலகிப் போகிறார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. யார் இருக்கலாம், யார் எழுந்து போகவேண்டும் என்பதை அந்த இடமே சொல்கிறது. மயில் நம்பிக்கையோடு காத்திருந்த ரயில் இங்கே கருப்பி என்ற நாயைக் கொல்ல வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு அந்த ரயிலைக் கேட்கவே என்னால் முடிவதில்லை.

எல்லாப் படமும் இப்படி வளர்ந்துவிடவில்லை. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடு வந்தபின் தியேட்டர்களில் ஸ்பீக்கர்கள் பெருகின. அவற்றைப் பெரிய நட்சத்திரப் படங்களின் அறிமுகக் காட்சிகள் பெரும்பாலும் நெஞ்சு அதிர அடிக்கவே பயன்படுத்துகின்றன. நாயகன் எந்த ஊரில் நடக்கிறான், மண்ணிலா தாரிலா என்பதுகூடக் காதுக்கு எட்டுவதில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

சினிமா சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் காட்சியை மாணவர்களுக்கு ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். மறுமுறை திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்கவிடுங்கள். ‘அந்த நாள்’ படத்திலிருந்தே தொடங்கலாம்.