பூனையைத் தேடச் சொல்லும் பலகை

மாமல்லபுரம் போனால் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, சிற்பத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தைக் கவனியுங்கள். குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒரு செல்ஃபி, பிள்ளைகளை நிறுத்தி ஒரு படம், "சரி, அடுத்து எங்கே?" அவ்வளவுதான். அதே நேரத்தில் ஒரு வழிகாட்டி பத்துப் பேரைக் கூட்டிவந்து நிறுத்துவார். "மேல ஒத்தைக் கால்ல நின்னு, கையைத் தூக்கித் தவம் பண்றாரே, தெரியுதா? அவரை மாதிரியே கீழ இன்னொருத்தர் தவம் பண்றார். யாருன்னு கண்டுபிடிங்க" என்பார். பத்து ஜோடிக் கண்களும் பாறை முழுக்க ஓடும். யானைகளின் பக்கம் கீழே, முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னங்காலில் நிற்கும் பூனையை யாராவது ஒரு வாண்டுதான் முதலில் பிடிக்கும். அதன் காலடியில் எலிகள். அந்தக் கூட்டம் அதற்குப் பிறகு லேசில் நகராது.

வழிகாட்டி சொன்னதில் ஆண்டு இல்லை, அரசன் பெயர் இல்லை, நீள அகலம் இல்லை. எதைப் பார்ப்பது என்று மட்டும் சொன்னார். மற்றதை அப்புறம் அவர்களே கேட்பார்கள். வழிகாட்டி இல்லாத இடத்தில் இந்த வேலையைச் செய்யத்தான் விளக்கப் பலகை. பலகை வைப்பதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற சங்கதி இல்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

நமக்குப் பலகை என்றதும் நினைவுக்கு வருவது தொல்லியல் துறையின் நீலப் பலகைதான். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் சிறை, அபராதம் என்று அதில் இருக்கும். அது சட்ட அறிவிப்பு. இருக்க வேண்டியதுதான், ஆனால் சிற்பத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அடுத்தது தகவல் பலகை. கோயில் என்றால் நூற்றாண்டும் மன்னன் பெயரும். பூங்கா மரம் என்றால் தாவரவியல் பெயரும் குடும்பமும். படித்து முடித்ததும் பாதி மறந்துபோகும். பார்ப்பவரின் கண்ணைப் பொருளின் பக்கம் திருப்பிவிடுகிற மூன்றாவது வகைதான் நம் ஊரில் அபூர்வம்.

இதைச் சோதனை போலவே செய்து பார்த்தவர் ஃபிராங்க் லட்ஸ். பூச்சியியல் அறிஞர், நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை. 1925-இல் டக்ஸீடோ என்ற ஊருக்கு அருகே காட்டுக்குள் இரண்டு நடைபாதைகள் போட்டார். முதல் பாதையில் செடி, பூச்சி, பாறை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிறுசிறு குறிப்புகள். இரண்டாவது பாதையில் குறிப்புக்குப் பதிலாகக் கேள்விகள். முதல் பாதையில் நடந்தவர் உண்மையிலேயே பார்த்தாரா, இல்லை வெறுமனே படித்துக்கொண்டு போனாரா என்பது இரண்டாவது பாதையில் தெரிந்துவிடும்.

அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களும் இந்த வழிக்கு வந்தன. யெல்லோஸ்டோன் பூங்காவில் எரிமலைக் குழம்பு உறைந்து கருங்கண்ணாடியாகிப்போன ஒரு குன்று, சாலையோரம் நிற்கிறது. ஆப்சிடியன் என்று அந்தக் கண்ணாடிக்குப் பெயர். 11,000 ஆண்டுகளுக்கு மேலாக அங்குள்ள பழங்குடிகள் அதை உடைத்துக் கத்தியும் அம்புமுனையும் செய்திருக்கிறார்கள். வெகு தூரத்தில் ஒஹாயோவில் இருக்கும் பழைய மண்மேடுகளைத் தோண்டியபோதும் இந்தக் குன்றின் கண்ணாடி கிடைத்தது. 1931-இல் குன்றைப் பார்க்கிற மாதிரி சாலையோரத்தில் கல்லால் ஒரு சிறு மண்டபம் கட்டி, அதில் விளக்கம் வைத்தார்கள். கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து ஊருக்குக் கொண்டுபோகாமல், விளக்கத்தைக் கல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த வேலைக்கு இலக்கணம் எழுதியவர் ஒரு விஞ்ஞானியல்ல. ஃபிரீமன் டில்டன் பத்திரிகைக்காரர். நாவலும் நாடகமும் எழுதியவர். பூங்காக்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எழுபது வயதைத் தாண்டிய பிறகு 1957-இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஆறு விதிகள் சொன்னார். சாரத்தை நம் பாஷையில் சொல்கிறேன். வந்தவரின் வாழ்க்கையோடு ஒட்டாத விளக்கம் விழலுக்கு இறைத்த நீர். தகவல் தேவை, ஆனால் தகவலே விளக்கமாகிவிடாது. பாடம் நடத்துவதைவிட ஆவலைத் தூண்டுவது முக்கியம். பிள்ளைகளுக்குச் சொல்வது பெரியவர்களுக்கு எழுதியதில் தண்ணீர் கலந்ததாக இருக்கக் கூடாது; அதற்கு வழியே வேறு.

சரி, இதை நம் ஊர் இடம் ஒன்றில் பொருத்திப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பேர்போன ஊர். அங்கேதான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கும் கல்மரப் பூங்கா இருக்கிறது. சிவந்த மண்ணில் அடிமரங்கள் சாய்ந்து கிடக்கும். பட்டையின் வரி, உள்வளையம் எல்லாம் அப்படியே தெரியும், தொட்டால் கல். அசுரனின் எலும்புகள் என்று ஒரு கதையும் ஊரில் உண்டு. அந்தக் கதையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இது என்னவாக இருக்கும் என்று யாரோ ஒருவர் நின்று பார்த்து யோசித்திருக்கிறார். பலகை கிளப்ப வேண்டியதும் அதே கேள்வியைத்தான்.

வழக்கமான பலகை எப்படி எழுதப்படும் என்று உங்களுக்கே தெரியும்: "இம்மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. மண்ணில் புதையுண்டு சிலிக்காவால் கல்லாக்கப்பட்டவை." ஒரு பிழையும் இல்லை. படித்தவர் "அப்படியா" என்றுவிட்டு நடையைக் கட்டுவார். அதே விஷயத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இந்த மரத்தில் ஒரு கிளையைத் தேடுங்கள். வேரைத் தேடுங்கள். கிடைக்காது. பக்கத்து மரத்திலும் கிடைக்காது. இவை இங்கே வளர்ந்தவை அல்ல. 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து இங்கே போட்டவை. கிளையும் வேரும் வழியிலேயே போய்விட்டன."

இதற்குள் வந்தவர் இரண்டு மூன்று மரங்களைச் சுற்றி வந்திருப்பார். வெள்ளம் என்றால் நமக்குத் தெரியாததா? 2 கோடி ஆண்டு என்ற எண் பிடிபடாவிட்டாலும், ஆற்றில் மரம் மிதந்து வருவது கண்ணுக்குத் தெரியும். கிளையில்லாத அடிமரம்தான் சாட்சி. அது எதிரிலேயே கிடக்கிறது. மரம் கல்லான கதையை அதற்குப் பிறகு சொன்னால் காது கொடுப்பார்: மணல் மூடியதால் மரம் சட்டென்று மக்கவில்லை, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது, மரப்பொருள் போய் அதன் வடிவம் கல்லாக நின்றது. வளையங்கள் இன்னும் தெரிவது அதனால்தான். சில்லைப் பெயர்த்து எடுத்துப் போகாதீர்கள் என்ற வேண்டுகோளையும் இந்த இடத்தில் வைத்தால் எடுபடும்.

தலைப்புக்கு வருவோம். முக்கால்வாசிப் பேர் தலைப்போடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் தலைப்பே ஒரு சேதியைச் சொல்லிவிட வேண்டும். ஐடஹோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சாம் ஹாம் இதைத்தான் விடாமல் வலியுறுத்தினார். "வேடந்தாங்கல் பறவைகள்" என்பது வெறும் பொருள். "இந்தப் பறவைகளைக் காப்பாற்றியவர்கள் பக்கத்து விவசாயிகள்" என்பது சேதி. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக்கூடாது என்று வெள்ளைக்கார கலெக்டரிடம் எழுத்தாகவே வாங்கிவிட்டார்கள். தலைப்போடு போனவரும் பாதிக் கதையை எடுத்துக்கொண்டுதான் போவார்.

இனி கொஞ்சம் தச்சு வேலை. பலகையும் பொருளும் ஒரே பார்வையில் விழ வேண்டும். திரும்பி நின்று படிக்க வைத்தால் வேலைக்காகாது. ஆள் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்தால் பலகையே காட்சியை மறைத்துவிடும். நிமிர்ந்த பலகை, வரைபடத்தோடு நுழைவாயிலில் மட்டும் போதும். உள்ளே, கீழ்விளிம்பு இரண்டரை அடி உயரத்தில் இருக்கும்படி, 30 முதல் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பிள்ளைகளுக்கும் எட்டும். வாசகம் நூறு சொல்லுக்குள். தமிழும் ஆங்கிலமும் வேண்டுமென்றால் இரண்டையும் குறுக்குங்கள், எழுத்தைக் குறுக்காதீர்கள்.

பிறகு நம் வெயில். மலிவாக அச்சடித்த ஃபிளெக்ஸில் சிவப்பும் மஞ்சளும்தான் பெரும்பாலும் முதலில் வெளுக்கும். நீலம் கடைசிவரை நிற்கும். ஏரிக்கரைப் பலகையில் தவிட்டுக்குருவிகூட இரண்டு கோடையில் மீன்கொத்தி ஆகிவிடும். நீண்டநாள் நிற்க எனாமல் தகடுதான் சரி: இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டுவது. பழைய ரயில் நிலையங்களில் இருந்த விளம்பரத் தகடுகள் இந்த ரகம்தான். விலை அதிகம். ஆகவே பத்துப் பலகைக்குப் பதில் நாலு வையுங்கள்.

தெரியாததை மறைக்க வேண்டியதும் இல்லை. மாமல்லபுரத்தில் ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்களிடையே இன்னும் வழக்கு ஓயவில்லை. இரண்டு கட்சியையும் சொல்லி, நடுவில் இருக்கும் பிளவையும் அதிலுள்ள நாகங்களையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்றால் வந்தவர் இன்னும் ஒருமுறை உற்றுப் பார்ப்பார். தீர்ப்பை எழுதி ஒட்டினால் பார்க்க என்ன இருக்கிறது?

உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ பள்ளித் தோட்டத்திலோ பலகை வைக்க யாராவது பணம் தருவதாகச் சொன்னால், உடனே தகடு அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். வாசகத்தை ஒரு அட்டையில் மார்க்கரால் எழுதி, வைக்கப்போகும் இடத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை நட்டுவிட்டுத் தள்ளி உட்காருங்கள். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். படிக்கிறவரின் தலை அட்டையிலிருந்து ஏரிப் பக்கம் எத்தனை முறை திரும்புகிறது என்று பாருங்கள். ஒருமுறைகூடத் திரும்பவில்லையா? கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். அட்டைதானே.