போருப் ஏரியில் இருபத்திரண்டு மீன்கள்

42ஆம் வாரம் வந்தால் டென்மார்க்கில் பாடசாலைகளுக்கு இலையுதிர்கால விடுமுறை. முன்பு பிள்ளைகள் உருளைக்கிழங்கு கிண்ட உதவுவதற்காக விடப்பட்ட விடுமுறை என்பதால், வயதான டேனிஷ்காரர் இன்னும் அதை 'உருளைக்கிழங்கு விடுமுறை' என்றே சொல்வார்கள். இன்று கிழங்கு கிண்டப் போகிற பிள்ளையைக் காண்பது அரிது. எங்கள் வீடுகளில் அந்த வாரம் பெரும்பாலும் போர்வைக்குள்ளும் கைபேசிக்குள்ளும் கழிந்துவிடுகிறது.

ஆனால் அதே வாரத்தில் இந்த நாட்டு ஏரிகளில் ஒரு காரியம் நடக்கிறது. தண்ணீர் குளிரத் தொடங்க, அபோர மீன்கள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து, சிறு மீன்களைத் துரத்தித் துரத்தித் தின்கின்றன. தூண்டில் பிடிக்கப் புதிதாகப் பழகுகிற ஒருவருக்கு ஆண்டின் மிக நல்ல நாள்களில் சில இவை. கடந்த விடுமுறையில் எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் நான்கு பேர், நான், சபையில் எல்லோரும் 'மயிலிட்டி மாமா' என்று அழைக்கும் ஒருவர் என ஆறு பேர் ஒரு பிற்பகல் போனோம். அடுத்த விடுமுறையில் நீங்களும் போகலாம் என்பதற்காகவே, நடந்ததை விபரமாக எழுதுகிறேன்.

ஏரியும் மீனும்

நாங்கள் போனது போருப் ஏரிக்கு. வைல நகரத்துக்கு மேற்கே, யெலிங்குக்குத் தெற்கே, மரமடர்ந்த மேடுகளுக்கு நடுவே கிடக்கிற ஏரி. பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீற்றர்தான். டேனிஷ் மக்களைக் கிறிஸ்தவர்களாக்கியதாக ஹரால்ட் மன்னன் பொறித்து வைத்த கல்லைப் பார்க்க யெலிங் போயிருப்பீர்கள். அங்கிருந்து காரில் சில நிமிடங்களில் இந்த ஏரிக்கு வந்துவிடலாம்.

கனடாவில் இருக்கும் நம் உறவினர்கள் 'கிராப்பி' என்ற மீனைப் பிடித்துப் படம் அனுப்புவார்கள். அது வட அமெரிக்க மீன்; இங்கே அதைத் தேட வேண்டாம். சிறிய ஏரியில், எளிய தூண்டிலில், கூட்டமாக அகப்பட்டு, சட்டியிலும் ருசியாக இருக்கிற மீன் என்று பார்த்தால் இந்த நாட்டில் அந்த இடம் அபோரவுக்குத்தான். பச்சையும் மஞ்சளும் கலந்த உடல், அதன் குறுக்கே கறுத்த வரிகள், அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் செட்டைகள். முதுகில் இரண்டு செட்டைகள். முன்னது முழுக்க முள். செவுள் மூடியின் ஓரத்திலும் ஒரு கூர் இருக்கிறது. முதல் மீனைக் கையில் வாங்கிய மாமா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கட கீளிக்குச் சொந்தக்காரன் போல" என்றார். முதுகு முள்ளைத் தலைப் பக்கமிருந்து வால் பக்கமாகத் தடவி மடக்கிப் பிடிக்க வேண்டும் என்று அவர் காட்டியபடி பிடித்ததால், அன்று ஒருவருடைய கையிலும் முள் ஏறவில்லை.

அபோர கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். ஆகவே பகலில்தான் தின்னும். அதிகாலையும், வெளிச்சம் சரிகிற பின்னேரமும் அதற்கு மிக உகந்த நேரம். ஒக்ரோபர் நடுப்பகுதியில் சூரியன் மாலை ஆறேகாலளவில் மறைகிறது. நாங்கள் ஒன்றரை மணிக்குத் தொடங்கினோம்.

போகுமுன்

முதலில் சட்டம். 18 வயது முதல் ஓய்வூதிய வயது வரை உள்ள எவரும் டென்மார்க்கில் தூண்டில் போட அரசாங்க அனுமதி எடுக்க வேண்டும். அதற்குப் பெயர் 'பிஸ்கதைன்'. இணையத்தில் ஒரு நாளைக்கோ, ஒரு வாரத்துக்கோ, ஓர் ஆண்டுக்கோ வாங்கலாம். அந்தப் பணம் ஏரிகளிலும் ஆறுகளிலும் கடலிலும் மீன் வளத்தைப் பேணச் செலவாகிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது தேவையில்லை. ஆனால் ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை வேறொருவருடையது. நில உரிமையாளரிடமோ உள்ளூர்த் தூண்டில் சங்கத்திடமோ அந்த ஏரிக்கான சீட்டைத் தனியாக வாங்க வேண்டும். இது எல்லா வயதினருக்கும் பொருந்தும். இரண்டையும் முதல் நாளே எடுத்து வைத்துவிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும்.

பிறகு சாமான்கள். மெல்லிய தடி, சிறிய ரீல், மெல்லிய தங்கூசி, சிறிய தூண்டில் முள், தக்கை, மண்புழு. இவ்வளவுதான். மயிலிட்டியில் மாமா பாவித்த ஈயக் குண்டை இங்கே கடையில் தேட வேண்டாம். ஈயம் தண்ணீரையும் பறவைகளையும் கெடுப்பதால் டென்மார்க்கில் அதை விற்கத் தடை. வேறு உலோகத்தில் செய்த நிறைகள் கிடைக்கின்றன. இரண்டு பேரிடம் 'ஜிக்' இருந்தது. அது சிறு மீன் போன்ற ரப்பர் இரையை நிறையோடு சேர்த்த முள்.

அந்தப் பிற்பகல்

முதல் முக்கால் மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. நாணல் ஓரத்தில் ஐந்து தக்கைகள் அசையாமல் நின்றன. "மீன்பிடி என்றால் பொறுமை" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். மாமா சொன்னது வேறு. "தம்பி, மீன் இல்லாத இடத்தில விடியும்வரை நிண்டாலும் மீன் வராது. தடியை எடுங்கோ, நடப்பம்" என்றார்.

நடந்தோம். நாணல் விட்டுப்போன ஓர் இடைவெளியில் அவர் நின்றார். தக்கையைக் கழற்றிவிட்டு, வெறும் நிறையைத் தூர எறிந்து, அது அடியைத் தொடும்வரை எண்ணினார். பிறகு கொஞ்சம் கிட்ட எறிந்து மறுபடியும் எண்ணினார். தூரத்தில் ஏழு, கிட்டத்தில் மூன்று. "இதில அடி சரியுது. குளிருக்கு மீன் ஆழத்துக்குப் போகும், ஆனா தின்ன ஓரத்துக்கு வரும். வாற வழியில இரையை வையுங்கோ" என்றார். எதிரொலிக் கருவி இல்லாமல் ஏரியின் அடித்தரையை எங்களுக்கு வரைந்து காட்டிவிட்டார்.

அங்கே ஜிக்கை அடிவரை இறக்கி, மெதுவாக உயர்த்தி, மறுபடி விழவிட்டோம். மூன்றாவது எறிதலில், ஜிக் விழுகிற வேளையில், பதினாறு வயதுத் தம்பியின் தடி இரண்டு தடவை துடித்தது. அபோரவின் வாய்ச் சவ்வு மெல்லியது. வெட்டி இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். "இழுக்காதை, சுத்து, சுத்து" என்று மாமா சத்தமிட, அவன் நிதானமாகச் சுற்றினான். ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர். அந்த அளவு வளர அபோரவுக்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

ஒன்று வந்தால் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஒரு மணி நேரம் யாரும் தேநீர்ப் போத்தலைத் தொடவில்லை. கூட்டம் நகர்ந்தபோது நாங்களும் இருபது முப்பது அடி நகர்ந்தோம். வெயில் மேட்டு மரங்களுக்குப் பின்னால் இறங்கிய வேளையில், ஓரத்தில் சிறு மீன்கள் மழைத்துளி போலத் துள்ளின. அவற்றின் கீழே அபோர துரத்துகிறது என்று புரிந்துகொண்டு, எறிவதற்கு முன் பிள்ளைகள் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினார்கள். அன்று அவர்கள் பழகிய மிக நல்ல பாடம் அதுதான்.

இடையில் ஒரு தங்கைக்குப் பெரிதாக ஏதோ மாட்டியது. வந்தது கெட என்னும் நீண்ட வாய்ப் பைக் மீன். அளந்தால் 45 சென்ரிமீற்றர். நன்னீரில் 60 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கெடவை வைத்திருக்கக் கூடாது; ஏப்ரல் மாதம் முழுவதும் எந்த அளவானாலும் பிடிக்கக் கூடாது. அவளுக்கு முகம் வாடியது. ஆனாலும் கைகளை நனைத்துக்கொண்டு (உலர்ந்த கை மீனின் வழுவழுப்புத் தோலைக் கெடுக்கும்) தண்ணீருக்குள்ளேயே பிடித்து, முள்ளைக் கழற்றி, அது தானாக நீந்தும்வரை தாங்கி நின்றாள்.

ஐந்தரைக்கு நிறுத்தினோம். கரைக்கு வந்தவை நாற்பதுக்கு மேல். சிறியவற்றை விட்டுவிட்டு வைத்துக்கொண்டவை 22. இன்னும் கடித்துக்கொண்டுதான் இருந்தன. "ஆறு வீட்டுச் சட்டிக்குக் காணும்" என்று மாமா தன் தடியை முதலில் மடக்கினார். அதற்குப் பிறகு ஒருவரும் எறியவில்லை.

இருபத்திரண்டுக்கு மேலே கிடைத்தவை

மாமா 1986இல், 24 வயதில், இங்கே வந்தவர். 1990இல் போரில் மயிலிட்டி மக்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்தத் துறைமுகம் 2017இல்தான் மக்களிடம் திரும்பியது. அவர் இங்கே பல ஆண்டுகள் தொழிற்சாலை இரவு வேலையில் இருந்தார். ஆராதனை முடிந்தால் ஒரு மூலையில் தேநீரோடு நிற்பார். அவருடைய டேனிஷ் தொழிற்சாலைக்குப் போதுமானது. எங்கள் பிள்ளைகளின் தமிழ் "சாப்பிட்டேன், போயிட்டு வாறேன்" என்பதற்குப் போதுமானது. இரண்டு தரப்புக்கும் இடையே ஓர் உரையாடலுக்கு வழியில்லை என்றே நினைத்திருந்தோம்.

தண்ணீரருகே அது மாறியது. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறோம். பேச வேண்டிய பொருளும் கைக்குள் இருக்கிறது. தங்கூசி, தக்கை, செவுள், செதிள், செட்டை, சரிவு, நீரோட்டம் என்று அன்று நான்கு பிள்ளைகளும் பழகிய சொற்கள் பத்துக்குமேல். ஒருவன் அவற்றைக் கைபேசியில் டேனிஷ் எழுத்தில் குறித்துக்கொண்டான். "மயிலிட்டியில இரவில மீன் இருக்கிற இடம் எப்பிடித் தெரியும்?" என்று அவன் கேட்டான். அதற்கு மாமா அரை மணி நேரம் பதில் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இதை நான் முக்கியமாக எழுதுவதற்கு என் தொழிலும் ஒரு காரணம். மறதி நோய் வருகிற முதியவர்களில் பலருக்கு, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் கழன்றுபோகும். சிறுவயதில் பேசிய மொழி நெடுநாள் தங்கும். நாற்பது ஆண்டுகள் டேனிஷ் பேசிய ஒருவர், ஒரு நாள் வார்ட்டில் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்கலாம். 1980களில் வந்த நம் பெற்றோரின் தலைமுறை இப்போது அந்த வயதை நோக்கிப் போகிறது. அவர்கள் பேசும்போது புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் அருகில் இருக்க வேண்டுமானால், அந்தச் சொற்களை அவர்கள் நன்றாக இருக்கும்போதே வாங்கி வைக்க வேண்டும். அதற்கு வகுப்பறை மட்டும் போதாது. சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும்.

சட்டியும் சுகமும்

பிடித்த மீனைத் துடிக்க விடக்கூடாது. தலையில் ஒரே அடி, உடனே செவுளருகே வெட்டி இரத்தம் வடிய விடுதல், பிறகு ஐஸ். அபோரவின் செதிள் ஒட்டிப் பிடித்தது. சுரண்டுவதைவிடத் தோலோடு உரித்தெடுப்பது சுலபம். சதை வெள்ளை, இறுக்கம், முள் எடுக்க எளிது. மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்தால் நம் வீட்டுப் பொரியல்தான். தலையையும் எலும்பையும் போட்டு வைத்த சொதி அதைவிட நன்றாக இருந்தது.

இனி ஒரு தாதியாக நான்கு வார்த்தை:

1. அபோர, கெட போன்ற வேட்டை மீன்களில் பாதரசம் சேரக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இவ்வகை மீனை வாரத்துக்கு 100 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்பது டேனிஷ் உணவு அதிகாரசபையின் ஆலோசனை. சிறுபிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. மற்றவர்கள் பயப்படத் தேவையில்லை.

2. அபோர கொழுப்புக் குறைந்த மீன். வைட்டமின் டி அதிகமாக இருப்பது ஹெரிங், மக்கரல், சாமன் போன்ற கொழுப்பு மீன்களில். நம் நிறத் தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்க வேண்டும் என்று இங்குள்ள சுகாதார சபை சொல்கிறது. மீன் சாப்பிட்டோம் என்று குளிசையை நிறுத்தாதீர்கள்.

3. மீன் முள் குத்தினால் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு உடனே கழுவுங்கள். தூண்டில் முள் ஆழமாக ஏறினால் இழுக்காமல் தங்கூசியை வெட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கடைசியாக ஏற்புவலித் தடுப்பூசி போட்ட ஆண்டைச் சொல்லுங்கள். கண்ணருகே ஏறினால் தொடவே வேண்டாம், 112ஐ அழையுங்கள்.

4. ஒக்ரோபர்த் தண்ணீர் திடீரென்று உடலைத் தொட்டால் மூச்சு நம் கட்டுப்பாட்டை மீறும். நன்றாக நீந்துகிறவரும் அந்த முதல் நிமிடத்தில்தான் மூழ்குகிறார். கரையிலானாலும் பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி போடுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

அடுத்த 42ஆம் வாரத்துக்கு இப்போதே உங்கள் நாள்காட்டியில் ஒரு பிற்பகலைக் குறித்து வையுங்கள். இரண்டு அனுமதிகள், ஒரு மெல்லிய தடி, ஒரு டப்பா மண்புழு, ஒரு போத்தல் தேநீர் போதும். போகும் வழியில் உங்கள் சபையில் மூலையில் நிற்கும் அந்த மாமாவின் வீட்டு மணியை அடித்து, அவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.