சத்தம் வருகிறது, படம் வரவில்லை

கணினியில் அப்டேட் ஏறிய மறுநாள்தான் இந்தப் புகார் அதிகம் வரும். நேற்றுவரை ஓடிய வீடியோவில் இன்று சத்தம் மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. சிலருக்குப் பச்சைப் பட்டைகள் ஓடும். சிலருக்குப் படம் விட்டுவிட்டு நகர்ந்து ‘ஸ்டக்’ ஆகும். அரூர் மாதிரி ஊர்களில் இதற்குக் கிடைக்கிற வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: “பார்மட் பண்ணி புதுசா விண்டோஸ் போட்டுடலாம்.” சித்தேரி மலையிலிருந்தோ தீர்த்தமலைப் பக்கத்திலிருந்தோ மடிக்கணினியோடு பஸ் ஏறி வந்தவர் அதற்குத் தலையாட்டிவிடுகிறார். பிள்ளைகளின் பாடங்கள், குடும்பப் படங்கள், ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள் எல்லாம் அதோடு அழிந்துபோகின்றன. பெரும்பாலான நேரம் இந்த இழப்புக்குத் தேவையே இல்லை. பழுது இருப்பது ஒரு சிறு இடத்தில், அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

முழு எச்.டி. படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட், நொடிக்கு 30 படங்கள் என்று பெருக்கினால் ஒரு நிமிடக் காட்சிக்கே 11 ஜிகாபைட் வேண்டும். சாதாரண வீட்டு இணைப்பு இதைத் தாங்காது. அதனால் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் கணக்குப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகை அப்படியே இருக்கிறது, ஆசிரியரின் கை மட்டும் நகர்கிறது. பலகையை ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் நகர்ந்ததையும் மாறியதையும் மட்டும் குறித்தால் போதும். இப்படிச் சுருக்கவும் விரிக்கவும் வகுத்த முறைதான் கோடெக். 2003இல் எச்.264 வந்தது, 2013இல் எச்.265ம் விபி9ம், 2018இல் ஏவி1. புதிய முறை ஒவ்வொன்றும் இன்னும் சிறிதாகச் சுருக்கும், விரிக்கும்போது கணினிக்கு இன்னும் அதிக வேலை வைக்கும்.

அந்த வேலையைச் செய்யத்தான் கிராஃபிக்ஸ் சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது. சிப்போடு பேசும் மென்பொருள் டிரைவர். வீடியோ ஓட வேண்டுமானால் கோடெக், சிப், டிரைவர், பிரவுசர் நான்கும் ஒத்துப்போக வேண்டும். அப்டேட் இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இது ஏன் அதிகம் உறைக்கிறது என்றால், அரசின் விலையில்லா மடிக்கணினி பலருக்கு முதல் கணினி. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய திட்டம் அது. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பன்னிரண்டாம் வகுப்புப் பாட வீடியோக்களை அந்த மடிக்கணினிகளில்தான் ஏற்றிக் கொடுத்தார்கள். 2011இல் வந்த சிப்புக்கு 2013இல் பிறந்த விபி9 தெரிந்திருக்க வழியில்லை. யூடியூப் அந்த வடிவில் அனுப்பினால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும், மின்விசிறி இரையும், படம் திக்கும். வீடியோமேல் வலது சொடுக்கு செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்தால் எந்தக் கோடெக், எத்தனை படங்கள் தவறின என்று தெரியும். எச்.264 வடிவையே கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சியைப் போட்டால் பழைய சிப் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

தேடலை இப்படித் தொடங்கலாம். கணினியில் சேமித்த வீடியோ ஒன்றை விஎல்சி பிளேயரில் ஓட்டுங்கள். 1996இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய வேலை அது. கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் விண்டோஸிடம் கையேந்தாது. அதில் ஓடி, விண்டோஸின் சொந்த பிளேயரில் ஓடவில்லையா? கோடெக் குறை. 2017இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் எச்.265 வசதி உள்ளேயே வராமல், தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டியதானது. 2022 செப்டம்பரில் ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளமும் எச்.264, எச்.265 இரண்டையும் சிப் வழியாக விரிக்கும் வசதியை நீக்கியது. காரணம் காப்புரிமைச் சிக்கல். பயனாளரின் கணினியில் பழுதே இல்லாமல் படம் நின்றுபோன நேரங்கள் இவை. இந்த மாதிரி சமயத்தில் ‘கோடெக் பேக் இறக்குங்கள்’ என்று கண்ட தளமும் கூப்பிடும், அது வைரஸ் நுழையும் பழைய வாசல். 2022இல் விஎல்சியின் சொந்தத் தளமே இந்தியாவில் மாதக்கணக்கில் முடக்கப்பட்டிருந்தது எனக்கு இன்னும் ஆறாத கோபம். நம்பகமான கதவை மூடினால் மக்கள் வேறு எங்கே போவார்கள்?

சேமித்த வீடியோ ஒழுங்காக ஓடி, யூடியூப் மட்டும் சிக்கினால் பிரவுசரைப் பாருங்கள். நீட்சிகள் இல்லாத பிரைவேட் ஜன்னலில் ஓட்டுங்கள். பிறகு ‘ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன்’ என்பதை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் பச்சைப் பட்டைகள் மறைந்தால் குற்றவாளி பெரும்பாலும் டிரைவர்தான். டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ கீழே ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று மட்டும் இருந்தால் உண்மையான டிரைவர் கழன்றுவிட்டது. மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துப் போட வேண்டும். பெயர் சரியாக இருந்தால் ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான் முந்தைய டிரைவரைத் திருப்பித் தரும். விண்டோஸின் பெரிய அப்டேட்டாக இருந்தால் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பலாம். இவை எதுவும் உங்கள் படங்களையும் பாடங்களையும் தொடாது.

சிப்பே போய்விட்டதோ என்ற சந்தேகமா? தொடக்ககால அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்ததே இல்லை. அதற்குள் போய் அதே வீடியோவை ஓட்டினால் போதும். ஓடிவிட்டால் சிப் பெரும்பாலும் நலம். பாஸ் இல்லாதவர்கள் பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி இதையே செய்யலாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பழைய அரசு மடிக்கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலுக்குள் வராது. அவற்றுக்கு லினக்ஸ் நல்ல வழி. அங்கும் அப்டேட்டுக்குப் பிறகு படம் நிற்கலாம். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் முந்தைய கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) தேர்ந்தெடுங்கள். அதில் படம் வந்தால், திருத்தம் வரும்வரை அந்தக் கெர்னலிலேயே கணினியை ஓட்டலாம்.