ஓகியா எலி

கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களிலே, பெரும்போகக் கதிர் முற்றும் பருவத்தில், எலியென்று பேச்செடுத்தாலே உழவருக்குச் சினம் மூளும். தாளை நறுக்கிக் கதிரை வளைக்குள் இழுத்துச் செல்லும் பிராணிக்குப் பரிந்து பேசுவார் யார்? ஆயினும் எலியென்னும் பெயர் பூண்டவை யாவும் வயலை நாடுவனவல்ல. இலங்கையின் ஈரமான மலைக்காட்டையே வீடாகக் கொண்ட எலியொன்று உண்டு. அதுவே ஓகியா எலி.

மேற்புறம் சாம்பல் நிறம், வயிறு வெண்மை, நீண்ட வால் மேலே கருமையும் கீழே வெண்மையுமாக இருக்கும். தோட்டத்துரையாக இருந்துகொண்டே விலங்குகளை ஆராய்ந்த பிலிப்ஸ் என்பார், 1929இல் இதனை உலகுக்கு அறிவித்தார். அக்காலத்தில் இதுவும் சாதாரண எலிகளோடு சேர்த்தே எண்ணப்பட்டது. 1981இல் மஸர் என்னும் அறிஞர், இதற்குத் தனிப் பேரினமே வேண்டுமெனக் கண்டு, நாட்டின் பெயரையே சூட்டினார். அப்பேரினத்தில் வேறோர் இனம் இல்லை. வமிசத்துக்கு எஞ்சிய ஒற்றைப் பிள்ளை இது. இலங்கைக்கு வெளியே எங்கும் கிடையாது.

இதன் காடு சுருங்கிய கதையில் மன்னார்க் கரைக்கும் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றிற்கு ஆள் தேவைப்பட்டது. தமிழகத்து ஏழை மக்கள் தோணியேறி இக்கரையில் இறங்கி, வரண்ட காட்டினூடே மாத்தளை நோக்கிக் கால்நடையாய்ச் சென்றனர். நீரின்றியும் நோயுற்றும் வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியவர் உழைப்பில் தோட்டங்கள் வளர வளரக் காடு வீழ்ந்தது. இலாபம் கண்டவர் வேறு. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. எனினும் காடு மீளவில்லை, அவ்விடத்தில் தேயிலை வந்தது. 1873இல் தாவரவியலறிஞர் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளையாவது வெட்டாது விடுக என ஆலோசனை கூறினார். உச்சிகளில் இன்று எஞ்சியிருப்பவற்றுக்கு அவ்வாலோசனையும் ஒரு காரணம்.

1988இல் ஹோர்ட்டன் சமவெளி தேசிய வனமாயிற்று; 2010இல் மத்திய மலைநாட்டுக் காடுகள் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் எஞ்சிய காடுகள் பல, தேயிலைக் கடலிடையே தீவுகளாய்த் துண்டுபட்டுக் கிடக்கின்றன. ஓகியா எலியோ அழியும் ஆபத்திலுள்ள உயிர்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டுள்ளது. வயலெலி ஒரு வரப்பை இழந்தால் அடுத்த வரப்பில் வளை தோண்டும். சருகும் பாசியும் நிழலும் தேடும் இவ்வெலி வெட்டவெளியைக் கடந்து அடுத்த காட்டை அடைவது அரிது. உலகம் வெப்பமடையும் இந்நாளில் குளிரைத் தேடி மேலே ஏறலாமெனினும், இலங்கையின் மிகவுயர்ந்த பீதுருதாலகால மலையே 2,524 மீற்றரில் முடிந்துவிடுகிறது.